எடை குறைந்த ரைஃபிள் வார்: எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது

[காட்சி: சமையலறைத் தராசு. அதன்மேல் சுருட்டிய இரண்டு வார்கள், ஒன்றன்பின் ஒன்றாக.]

முதல் வார் 210 கிராம். இரண்டாவது 70 கிராம். இரண்டுக்கும் ஒரே வேலைதான்: வேட்டை ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். கடையில் கையில் வாங்கிப் பார்த்தால் மனம் எழுபதுக்குத்தான் போகும். வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் இதைக் கேளுங்கள்.

[காட்சி: நியூசிலாந்து, தெற்குத் தீவு. புல்லும் சரளையுமாகச் செங்குத்தாக ஏறும் சரிவு.]

இது தெற்கு ஆல்ப்ஸ் மலை. இங்கே வேட்டையாடப்படுவது இமாலய வரையாடு. 1904-இல் ஆவொராக்கி மலைப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். அதை அடித்துத் தின்ன இங்கே எந்த விலங்கும் கிடையாது. மந்தை பெருகினால் மலைத் தாவரங்கள் மேய்ந்தே அழிந்துபோகும். அதனால் 1993-இல் வந்த அரசுத் திட்டம் மொத்த எண்ணிக்கைக்கு 10,000 என்று வரம்பு வைத்தது. வேட்டைக்காரர்களுக்கும் அந்தக் கட்டுப்பாட்டில் பங்கு உண்டு. நம் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு இனம். அதை வேட்டையாடுவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

சரி, வாருக்கு வருவோம்.

குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்போடு சேர்த்து ரைஃபிள் மூன்றரை, நான்கு கிலோ வரும். அந்த எடை முழுவதும் தோளில் ஒரு மெல்லிய கோட்டில் இறங்கினால் அறுக்கும். மலை வேட்டையில் முதுகுப்பையும் இருக்கும். அதன் பட்டைமேல்தான் ரைஃபிள் வார் உட்கார வேண்டும். வழுவழுப்பான நாடா அங்கே நிற்காது. நாலு அடி வைத்தால் நழுவும். நீங்கள் கட்டைவிரலை வாருக்குள் கொடுத்துப் பிடித்துக்கொள்வீர்கள். அப்புறம் அந்தக் கை நாள் முழுக்க அங்கேயே மாட்டிக்கொள்ளும். சரளைச் சரிவில் கோல் ஊன்றவோ பாறையைப் பற்றவோ அந்தக் கைதான் வேண்டும். 140 கிராம் மிச்சம் பிடிக்கப்போய் ஒரு கையை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே தோளில் படும் இடத்தில் குறைக்காதீர்கள். அங்கே நான்கைந்து சென்டிமீட்டர் அகலம், ஒரு சாண் நீளம், உள்பக்கம் ரப்பர் இழை தைத்த பிடிமானம் வேண்டும். மற்ற இடமெல்லாம் 25 மில்லிமீட்டர் நாடாவே போதும்.

[காட்சி: நனைந்த நாடாக்கள் கயிற்றில் தொங்குகின்றன.]

எந்தத் துணி? நைலான் மலிவு, உறுதி. ஆனால் தண்ணீர் குடிக்கும், நனைந்தால் சற்று நீளும். பாலியஸ்டர் அவ்வளவு குடிக்காது. இங்கே ஒரு நாளைக்கு நாலு முறை ஆற்றில் இறங்கி ஏற வேண்டியிருக்கும் என்பதால் நான் பாலியஸ்டர் பக்கம். டைனீமா என்ற செயற்கை இழை மிக லேசு, கிட்டத்தட்ட நீளவே நீளாது. ஆனால் வழுக்கும், விலையும் அதிகம். நியோப்ரீன் என்ற ரப்பர் நுரை தோளுக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் அடிக்கு அடி ரைஃபிள் மேலும் கீழும் குதிக்கும். தோல் வார் பார்க்க அழகு, எண்ணெய் போட்டுப் பராமரிக்க வேண்டும், லேசு என்ற கணக்கில் வராது. பாராகார்டு மீட்டருக்கு ஆறேழு கிராம்தான். ஆனால் அது கயிறு, தோளில் கயிறு மாதிரியேதான் இறங்கும்.

[காட்சி: சுவிவல் வளையம், மிக அருகில். விரல் அதை அசைக்கிறது. 'டிக்' சத்தம்.]

இந்தச் சத்தம் கேட்டதா? வாரையும் ரைஃபிளையும் இணைக்கும் இந்த வளையத்தைச் சுவிவல் என்கிறோம். இதில் 25, 32 மில்லிமீட்டர் என்று இரண்டு அகலம் பரவலாகக் கிடைக்கும். 32-இல் 25 நாடாவைக் கோத்தால் அது பக்கவாட்டில் ஓடி ஓடி இப்படி இடிக்கும். அமைதியான பள்ளத்தாக்கில் ஆடு இதைக் கேட்டுவிடும். நாடாவுக்குப் பொருந்தும் அகலமே வாங்குங்கள். சுவிவல் மாட்டும் திருகாணியையும் விரலால் திருகிப் பாருங்கள். அது கழன்று ரைஃபிள் பாறையில் விழுந்தால், ஸ்கோப்பில் சரிசெய்து வைத்த குறி போனதுதான்.

[காட்சி: குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே நுழையும் நியூசிலாந்து டாலர் நோட்டு.]

இதைப் பலரும் கவனிப்பதில்லை. லேசான ரைஃபிள்களில் முன்கட்டை, அதாவது குழலுக்கு அடியில் கை பிடிக்கும் பகுதி, பெரும்பாலும் பிளாஸ்டிக். குழல் அதைத் தொடாமல் மிதக்கும்படி இடைவெளி விட்டிருப்பார்கள். வாரைக் கையில் சுற்றி இறுக்கிக் குறிபார்க்கும்போது முன்கட்டை வளைந்து குழலைத் தொட்டால், குண்டு வழக்கமாக விழும் இடத்தில் விழாது. தோட்டா அறையை மூடும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, இந்த நோட்டை நடுவில் நுழையுங்கள். இப்போது வாரை இழுங்கள். நோட்டு சிக்குகிறதா? அப்படியென்றால் இந்த ரைஃபிளில் வாரைச் சுமக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சுடும்போது முதுகுப்பைமேல் சாய்த்துச் சுடுங்கள், வார் தளர்ந்து கிடக்கட்டும்.

நீளத்தைச் சரிசெய்த பிறகு தொங்கும் மிச்ச நாடாவை வெட்டி, முனையைச் சுட்டு உருக்கிவிடுங்கள். ஆற்றோரத்து மாட்டாகவுரி முள்புதரில் முதலில் சிக்குவது அந்த வால்தான்.

தோளில் தொங்கும்போது தோட்டா அறை காலியாக இருக்க வேண்டும். சுடத் தயாரான பிறகே அறைக்குள் தோட்டாவை ஏற்ற வேண்டும் என்பது இந்நாட்டின் ஏழு துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகளில் ஒன்று. குழல் முனை யார் பக்கம் திரும்புகிறது என்பதையும் கூட வருபவருக்காகப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். குனிந்து ஏறும்போது மேல்நோக்கி நிற்கும் முனை முன்னால் போகிறவரை நோக்கிச் சாயும்.

[காட்சி: வீட்டு மாடிப்படி. முதுகுப்பை மாட்டிய ஒருவர் ஏறுகிறார்.]

வாங்கியதும் மலைக்குப் போகாதீர்கள். போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மலைக்குக் கொண்டுபோகும் அதே எடையை முதுகுப்பையில் ஏற்றி, ரைஃபிளை மாட்டிக்கொண்டு வீட்டுப் படியில் இருபது நிமிடம் ஏறி இறங்குங்கள். இரண்டு கையையும் வாரில் வைக்கக் கூடாது. கடைசியில் நின்று, குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுங்கள். ரைஃபிள் தோளை விட்டு முன்னால் ஊசலாடி வந்தால், பில் கையில் இருக்கும்போதே அந்த வாரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.