கிட்னி மாற்றியவர்களுக்குத் தடுப்பூசி எவ்வளவு வேலை செய்யும்?

வணக்கம் மக்களே. போன வீடியோவுக்கு அப்புறம் ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அக்கா, அப்பாவுக்குக் கிட்னி மாற்றியாச்சு, ஊசி எல்லாம் போட்டாச்சு. இனி கல்யாணம், காதுகுத்துன்னு தைரியமா கூட்டிப் போகலாமா?"

ஒரே வார்த்தையில் ஆமாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் கணவருக்கும் கிட்னி மாற்றியிருக்கிறது, கொடுத்தது என் மாமியார். அதனால் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். உறுப்பு மாற்றியவர்கள் ஊசி போட்டுக்கொண்டாலும் பலருக்கு எதிர்ப்பு சக்தி பாதிதான் வருகிறது. சிலருக்கு வருவதே இல்லை.

காரணம் மாத்திரைகள். புது உறுப்பை உடம்பு தாக்கிவிடக் கூடாது என்றுதான் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு எல்லாம் கொடுக்கிறார்கள். தடுப்பூசி உள்ளே போனதும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை மளமளவென்று பெருகி ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்கும் புரதம், தயாரிக்க வேண்டும். அந்தப் பெருக்கத்தைத் தடுப்பதுதான் மைக்கோபினோலேட்டின் வேலையே. விதையை ஊன்றிவிட்டு வாய்க்காலை அடைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

இது உலகத்துக்கே தெளிவாகத் தெரிந்தது கோவிட் சமயத்தில்தான். 2021-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் உறுப்பு மாற்றியவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். எம்ஆர்என்ஏ தடுப்பூசி (ஃபைசர், மாடர்னா வகை) முதல் டோஸ் போட்ட 436 பேரில் 17 சதவீதம் பேருக்குத்தான் ஆன்டிபாடி இருந்தது. இரண்டாவது டோஸுக்குப் பிறகு பார்த்தபோது 54 சதவீதம். உறுப்பு மாற்றாத ஆரோக்கியமானவர்களுக்கு அதே இரண்டு டோஸில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வந்துவிட்டது. அந்த எண்களை முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, மூன்றாவது டோஸ் போட்டால்? பிரான்சில் துலூஸ் நகரத்தில் 101 பேருக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆன்டிபாடி உள்ளவர்கள் 40 சதவீதத்திலிருந்து 68 சதவீதமானார்கள். ஊசியால் உறுப்பு நிராகரிப்பு யாருக்கும் வரவில்லை. பலர் பயப்படுவதே அதற்காகத்தான் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கனடாவில் டொரான்டோவில் 120 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மூன்றாவது டோஸ், இன்னொன்றுக்கு வெறும் உப்புநீர் போட்டார்கள். தேவையான அளவு ஆன்டிபாடி வந்தவர்கள் ஊசி போட்ட குழுவில் 55 சதவீதம், உப்புநீர்க் குழுவில் 18 சதவீதம். 2021 ஆகஸ்டில் அமெரிக்கா இவர்களுக்கு மூன்றாவது டோஸை அனுமதித்தது.

ஆக, ஊசி வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இவர்களுக்கு டோஸ் கூடுதலாக வேண்டும், அப்படியும் சிலருக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். அதனால் அந்தத் தங்கைக்கு என் பதில்: கூட்டிப் போங்கள், ஆனால் மாஸ்க் இருக்கட்டும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் பக்கத்தில் வேண்டாம். ஏசி போட்டு அடைத்த மண்டபத்தை விட, வாசலில் பந்தல் போட்ட கல்யாணம் நல்லது.

இன்னொன்று. ஊசி நன்றாக வேலை செய்யட்டும் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஒரு வேளைகூட! கிட்னியே போய்விடலாம். எதைக் குறைப்பது, கூட்டுவது என்பதெல்லாம் நெப்ராலஜிஸ்ட் (கிட்னி டாக்டர்) முடிவு.

ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போட வேண்டும். பொதுவாக அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதத்திலிருந்தே போடலாம் என்கிறார்கள். மற்ற ஊசிகளுக்கு மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். மூக்கில் விடும் ஃப்ளூ மருந்து மட்டும் வேண்டாம், அதில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. தட்டம்மை, சின்னம்மை ஊசிகளும் அதே வகை. ஆபரேஷனுக்குப் பிறகு அவற்றைப் பொதுவாகத் தவிர்த்துவிடுவார்கள்.

இனி வீட்டில் இருக்கும் நாம். அவர் உடம்பில் பாதிதான் வருகிறது என்றால் மீதியை நாம்தான் ஈடுகட்ட வேண்டும். நான், மாமியார், பிள்ளைகள் எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறோம். "பேரனுக்கு அம்மை ஊசி போட்டால் தாத்தாவுக்கு ஆகாது" என்று சில வீடுகளில் ஊசியையே தள்ளிப்போடுகிறார்கள். அது தப்பு. குழந்தைக்கு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஊசி) தாராளமாகப் போடலாம், போடவும் வேண்டும். கவனம் வேண்டியது போலியோ சொட்டு மருந்தில்தான். அதிலுள்ள வைரஸ் சில வாரங்கள் குழந்தையின் மலத்தில் வெளியேறும். வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று குழந்தை டாக்டரிடம் முன்கூட்டியே சொன்னால், சொட்டு மருந்துக்குப் பதில் போலியோ ஊசி போட முடியுமா என்று பார்ப்பார். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துக்குப் பிறகும் சில வாரங்கள் டயப்பர் மாற்றும் வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, டயாலிசிஸில் இருந்துகொண்டு உறுப்புக்காகப் பதிவு செய்து காத்திருப்பவர்களுக்கு. உங்களிடம் கொஞ்சம் கெஞ்சியே கேட்கிறேன். அந்த மாத்திரைகள் தொடங்குவதற்கு முன்னால்தான் ஊசி நன்றாகப் பிடிக்கும். தட்டம்மை, சின்னம்மை ஊசி தேவையென்றால் ஆபரேஷனுக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே போட்டாக வேண்டும். எப்போது அழைப்பு வரும் என்று யாருக்கும் தெரியாதே! கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான ஊசியை டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இரட்டை அளவில், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் நான்கு தடவையாகப் போடுவார்கள். முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் டைட்டர், அதாவது ஆன்டிபாடி அளவு, பாருங்கள். பத்துக்குக் கீழே இருந்தால் திரும்பப் போட வேண்டியிருக்கும். அடுத்த டயாலிசிஸுக்குப் போகும்போது உங்கள் ஊசி நோட்டைக் கையோடு எடுத்துப் போய், எது பாக்கி என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.