கெட்டித் தயிரில் ஒரு சாலட் டிரெஸ்ஸிங்

நேயர்களுக்கு வணக்கம். உடம்புக்கு நல்லதென்று வெள்ளரிக்காயும் கேரட்டும் நறுக்கி வைத்துவிட்டு, அதன் மேல் மூன்று கரண்டி மயோனைஸைக் கொட்டிச் சாப்பிடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். வழக்கமான மயோனைஸில் முக்கால் பங்கு எண்ணெய்தான். ஒரு மேசைக்கரண்டிக்கு 90 கலோரி வந்துவிடும். பச்சை முட்டை மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது கிருமிகளுக்குப் பயந்து. முட்டையில்லாத மயோனைஸ் வாங்கினாலும் எண்ணெய்க்குக் குறைவிருக்காது.

மயோனைஸுக்குப் பதிலாக, சாலட்டில் கலந்துகொள்ளும் டிரெஸ்ஸிங்கைத் தயிரிலிருந்து வீட்டிலேயே செய்யலாம். புளிக்காத தயிர் அரை லிட்டர் எடுத்து, மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, வடிகட்டி மேல் வைத்து, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் விடுங்கள். காலையில் பாதியளவுக்குச் சுண்டி, கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கும். வடிந்த தண்ணீரைச் சப்பாத்தி மாவில் ஊற்றிப் பிசைந்துவிடுங்கள்.

ஒரு பல் பூண்டை உப்போடு சேர்த்து மசிய நசுக்குங்கள். கால் கரண்டி கடுகுத்தூளில் சில துளி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். அப்போதுதான் அதன் காரம் எழும்பும். இவற்றோடு மிளகுத்தூள், பொடியாக அரிந்த கொத்தமல்லி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றையும் தயிரில் போட்டுக் கரண்டியால் மெதுவாகக் கலக்குங்கள். மிக்ஸி மட்டும் வேண்டாம். தயிரைக் கெட்டியாக வைத்திருப்பது அதிலுள்ள புரதம் பின்னிய வலை. மிக்ஸியில் ஓட்டினால் அது அறுந்து, மோர்தான் மிஞ்சும்.

அப்புறம் எண்ணெய். இங்கேதான் பலரோடு எனக்குச் சண்டை. எண்ணெயே கூடாது என்பார்கள். அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்பே இல்லாத டிரெஸ்ஸிங்கோடு சாலட் சாப்பிட்டவர்களின் உடம்பில் கேரட், தக்காளி, கீரையிலுள்ள கரோட்டின் வகைச் சத்துகள் ஏறக்குறைய சேரவே இல்லை. அவை கொழுப்பில் கரைந்துதான் உள்ளே போகும். ஆகவே இரண்டு தேக்கரண்டி எண்ணெய் கட்டாயம் விடுங்கள். ஆலிவ் எண்ணெய் இல்லாவிட்டால் கடலை எண்ணெய் போதும். நல்லெண்ணெய் வாசனை மற்றதையெல்லாம் அமுக்கிவிடும் என்பது என் கட்சி. எண்ணெய் சேர்த்த பிறகும், ஒரு மேசைக்கரண்டிக்கு 20 கலோரியை ஒட்டித்தான் வரும்.

காய்களைக் கழுவியதும் துணியால் ஈரம் போக ஒற்றி எடுங்கள். ஈரமான இலையில் எந்த டிரெஸ்ஸிங்கும் ஒட்டாது, வழுக்கிக் கிண்ணத்தின் அடிக்குப் போய்விடும். வெள்ளரிக்காய் உப்பு பட்டதும் தண்ணீர் விடும். அதனால் சாப்பிடப் போகும்போது மட்டும் கலக்குங்கள். லெட்டூஸ் இலைக்கு என்றால் ஒரு கரண்டி மோர் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம். அமெரிக்கர்களின் ரான்ச் டிரெஸ்ஸிங்கிலும் மோர்தான் சேர்கிறது, கூடவே மயோனைஸும்.

ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். அதற்குள் தீராது என்று தோன்றினால், மிச்சத்தில் மிளகாய்த்தூள் சேர்த்துக் கோழிக்கறியிலோ பனீரிலோ பிசறி ஊறவைத்து, தோசைக்கல்லில் வாட்டி எடுங்கள். வணக்கம்.