மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏன் ஏறவில்லை?

அடுத்த கேள்விக்கு வருகிறேன். ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார், அப்படியே படித்துவிடுகிறேன். "வணக்கம் டாக்டர். எனக்கு வயது 38. ஹீமோகுளோபின் 9 இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதமாக ஒரு நாளும் விடவில்லை. கூடவே கால்சியம் மாத்திரை, தினமும் பீட்ரூட் ஜூஸ். மறந்துவிடக் கூடாது என்பதற்காக மாத்திரை இரண்டையும் காலை டீயோடு விழுங்கிவிடுவேன். இப்போது பரிசோதித்தால் 9.3. என் உடம்புக்கு இரும்பு ஒத்துக்கொள்ளவில்லையா?"

ஒத்துக்கொள்கிறதா இல்லையா என்ற பேச்சுக்கே இன்னும் வரவில்லை அம்மா. நீங்கள் விழுங்கிய இரும்பில் பெரும்பகுதி உடம்புக்குள் போகவே இல்லை. அந்த டீதான் முதல் காரணம். உங்களுக்கு மட்டும் நடப்பது என்று வருந்தவும் வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது.

பெரியவர் ஒருவர் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பே மூன்று, நான்கு கிராம்தான். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபினாக ஆக்சிஜனைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது சிதைந்ததும் அதிலுள்ள இரும்பை உடம்பு வீணாக்காமல் எடுத்துப் புதிய அணுவுக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் நாளொன்றுக்கு வெளியேறுவது ஒரு மில்லிகிராம் அளவுதான். மாதவிடாய்க் காலத்தில் பெண்களுக்கு இது கூடும்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சில வைட்டமின்கள் மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும். மிஞ்சிய இரும்பை வெளியே தள்ள உடம்பில் தனி வழியே கிடையாது. ஆகவே கட்டுப்பாடு முழுவதும் உள்ளே விடும் இடத்தில்தான், அதாவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில்தான் இருக்கிறது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் அங்கே கெடுபிடி செய்கிறது. ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் கூடி, கிட்டத்தட்ட ஒரு நாள் வரை அடுத்த இரும்பை உள்ளே விடத் தயங்கும். 'ஏறவில்லையே' என்று ஒன்றுக்கு இரண்டாக விழுங்குபவர்களுக்கு வயிற்று எரிச்சல்தான் மிச்சமாகும். சில மருத்துவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடச் சொல்வதும் இதனால்தான். அதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள், நீங்களாக மாற்ற வேண்டாம்.

இந்த வாசலுக்கு வருவதற்கு முன்பே டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை விடாது, இரண்டும் சேர்ந்து மலத்தோடு போய்விடும். காபியும் அதே வேலையைத்தான் செய்கிறது, பில்டர் காபிக்கு விதிவிலக்கு எதுவும் இல்லை. கால்சியமும் கூடவே போனால் இரும்பு உறிஞ்சப்படுவது இன்னும் குறையும். இரண்டுமே நல்ல மாத்திரைகள்தான், ஒரே வேளையில் போடுவதுதான் கோளாறு. நெஞ்செரிச்சலுக்காகத் தினமும் வெறும் வயிற்றில் 'கேஸ் மாத்திரை' போடும் வழக்கம் உண்டா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. இரும்பு கரைவதற்கு வயிற்று அமிலம் தேவை. அமிலத்தை அடக்கும் மாத்திரை அதையும் கெடுக்கும்.

பீட்ரூட்டைப் பற்றிச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. நிறம் சிவப்பு, அவ்வளவுதான். 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. ஜூஸ் பிடித்திருந்தால் குடியுங்கள், இரத்தம் ஊறும் என்ற கணக்கில் குடிக்காதீர்கள். அதைவிட முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள் மேல். ஆனால் தானியத்திலும் பயற்றிலும் ஃபைடேட் என்ற பொருள் இருக்கிறது, அதுவும் இரும்பைக் கட்டிவைக்கும். ஊறவைத்தால், முளைகட்டினால், மாவைப் புளிக்கவைத்தால் அது குறையும். பயற்றை முளைகட்டிச் சுண்டல் செய்வது வெறும் ருசிக்கான வேலை அல்ல.

இரும்புக்கு உண்மையான துணை வைட்டமின் சி. தாவர உணவில் உள்ள இரும்பைக் குடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றி, கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா, எது கிடைத்தாலும் சரி. கொய்யாவில் ஆரஞ்சைவிட வைட்டமின் சி அதிகம், விலையும் குறைவு. கீரையில் எலுமிச்சை பிழிவதாக இருந்தால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள், சூட்டில் வைட்டமின் சி அழிந்துவிடும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வேலை சுலபம். இறைச்சி, ஈரல், இரத்தப் பொரியல் இவற்றில் உள்ள இரும்பு வேறு வடிவில் இருப்பதால் டீக்கும் ஃபைடேட்டுக்கும் அவ்வளவாக அசைந்து கொடுக்காது. கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைத் தவிர்க்க வேண்டும், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். காலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அரை மூடி எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு இரும்பு மாத்திரை. குமட்டினால் சாப்பிட்ட பிறகு போடுங்கள், கொஞ்சம் குறைவாக உறிஞ்சினாலும் நிறுத்திவிடுவதைவிட மேல். டீயை ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கால்சியத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றுங்கள். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம்.

இப்படிச் செய்தால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். மாதவிடாயில் கட்டி கட்டியாகப் போகிறதா, மூலத்தில் இரத்தம் வருகிறதா, கொக்கிப்புழு இருக்கிறதா? ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. பி12, ஃபோலிக் அமிலம் இரண்டையும் பாருங்கள். இவை இல்லாமல் சிவப்பணு ஒழுங்காக உருவாகாது, அப்போது இரும்பு இருந்தும் பயனில்லை. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் அதிகம் சேர்க்காத வீடுகளில் பி12 குறைவதை நிறையப் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். அரிசிப் பானையில் கை விட்டு ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருக்கிறதா? பல்பம், திருநீறு, செங்கல் தூள்? கிளினிக்கில் கேட்டால் முதலில் சிரிப்பார்கள், பிறகு கூட வந்த மகள்தான் "அம்மா தினமும் தின்பார்கள்" என்று காட்டிக்கொடுப்பாள். வெட்கப்பட ஒன்றுமில்லை, இரும்பு குறைந்தவர்களுக்கு இந்த ஏக்கம் வரும். அளவு ஏற ஏறப் பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

ஹீமோகுளோபின் 12 ஆனதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அப்போதும் உடம்பின் சேமிப்பு காலியாகவே இருக்கும், அது நிரம்ப இன்னும் மூன்று மாதம் ஆகும். சேமிப்பு எவ்வளவு என்று தெரிய ஃபெரிட்டின் என்ற பரிசோதனை இருக்கிறது. அடுத்த முறை இரத்தம் கொடுக்கும்போது அதையும் சேர்த்து எழுதித் தரும்படி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.