வண்டிக்கு லாடம்

வணக்கம் நேயர்களே. சங்கிலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கழுத்துச் சங்கிலி இல்லை, பனியில் வண்டி வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் மாட்டுகிற டயர்ச் சங்கிலி. பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். என் வீட்டில் கேட்டால், இந்த விஷயத்தை இவர் பத்து நிமிடத்தில் முடிக்க மாட்டார் என்று சொல்லியிருப்பார்கள். பார்ப்போம்.

இதைக் கேட்கிற பலர் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட், சான் ரமோன், சாக்ரமெண்டோ பக்கம் இருப்பீர்கள். டிசம்பர் விடுமுறை வந்ததும் பிள்ளைகளுக்குப் பனி காட்ட டாஹோ ஏரிக்குக் கிளம்புவீர்கள். ஐ-80 சாலை. சாக்ரமெண்டோவில் கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கிற அதே சாலை, நூறு மைலுக்குள் டோனர் உச்சியில் 7,239 அடிக்கு ஏறிவிடும். கீழே ஸ்வெட்டர் எதற்கு என்று தோன்றும். மேலே முழங்கால் அளவு பனி. 1846-இல் மேற்கே குடியேற மாட்டுவண்டிகளோடு வந்த டோனர் கூட்டத்தார் மாட்டிக்கொண்டு, ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துபோனது அந்தக் கணவாய்க்கு அருகில்தான். இன்று அங்கே பெட்ரோல் பங்க் இருக்கிறது, காபி கிடைக்கிறது. ஆனால் மலை அதே மலை.

நான் கட்டட வேலை செய்கிறவன். மலைமேல் இருக்கிற ட்ரக்கி ஊரில் வேலை கிடைத்தால் குளிர்காலத்திலும், பின்னால் திறந்த தொட்டி உள்ள என் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு ஏறித்தான் ஆக வேண்டும். அப்படி ஏறி இறங்கிப் படித்ததில் ஒன்றே ஒன்றுதான் உங்களிடம் சொல்ல வேண்டியது. உங்கள் பின்சீட்டுக்கு அடியில் ஒரு சங்கிலிப் பெட்டி இருக்கும். வாங்கின நாளிலிருந்து பிரிக்காமல் இருக்கும். இந்த வாரம் அதைப் பிரித்து, வீட்டு வாசலில், காய்ந்த தரையில், பகல் வெளிச்சத்தில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். அவ்வளவுதான். இதை இன்னும் இரண்டு முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், நான் அதைச் செய்யவில்லை. என் முதல் பிக்கப்பைப் பழையதாக வாங்கினேன். சங்கிலியும் கூடவே வந்தது. பையில் இருக்கிறது, சரி, வேலை முடிந்தது என்று விட்டுவிட்டேன். நடுவில் கோடையில் டயர் மாற்றினேன். கொஞ்சம் பெரிய டயராகப் போட்டால் வண்டி எடுப்பாக இருக்குமே என்று ஒரு ஆசை. சங்கிலி ஞாபகமே இல்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மாலை. மனைவியும் கூட வந்தாள். மலை ஏறுகிற வழியில் நையாக் என்ற இடத்தைத் தாண்டுவதற்குள் விளக்குப் பலகை மின்னுகிறது: சங்கிலி கட்டாயம். ஓரத்தில் நிறுத்தினேன். விழுகிற பனி தூள் பனி இல்லை. சியரா மலையில் விழுவதை இங்கே சியரா சிமெண்ட் என்பார்கள். ஈரமாக, கனமாக, மாவு கரைத்து ஊற்றியது போல விழும். கையில் கம்பளிக் கையுறை. இரண்டு நிமிடத்தில் அது நனைந்த துணி. மனைவி கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் சேற்றுப் பனியில் முதுகு பட மல்லாந்து படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு உள்பக்கக் கொக்கியைத் தேடுகிறேன். கொக்கி கிடைத்தது. மாட்ட வேண்டிய கண்ணியும் கிடைத்தது. நடுவில் நாலு விரல்கடை இடைவெளி. இழுக்கிறேன், வரவில்லை. முக்கால் மணி நேரம் இழுத்தேன் நேயர்களே. என்ன இழுத்தாலும் நாலு விரல்கடை நாலு விரல்கடைதான்.

பக்கத்தில் நின்ற வண்டியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். ஒன்றும் பேசவில்லை. டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணை விளக்கடித்துப் பார்த்தார். பையில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வெளிவழியில் திரும்பி இறங்கினோம். ட்ரக்கியில் சாப்பிட வைத்திருந்த புளியோதரையைக் கீழே கால்ஃபாக்ஸ் ஊரில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். மனைவி வீடு வரும்வரை சங்கிலி என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக உறைத்தது.

ஆகையால், வாசலில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். டயர் மாற்றினால் மறுபடியும் மாட்டிப் பாருங்கள்.

இந்தச் சங்கிலி எப்படி வந்தது தெரியுமா? நியூயார்க் மாநிலத்தில் கானஸ்டோட்டா என்ற ஊரில் ஹாரி வீட் என்று ஒருவர் இருந்தார். சேற்றிலும் பனியிலும் சக்கரம் வழுக்காமல் இருக்க, அந்தக் காலத்து ஓட்டுநர்கள் டயரில் கயிறு சுற்றுவார்களாம். கயிறு சீக்கிரம் தேய்ந்துவிடும். கயிற்றுக்குப் பதில் சங்கிலி போட்டால் என்ன என்று அவர் யோசித்து, 1904-இல் காப்புரிமை வாங்கினார். நம் ஊரில் சேற்றில் சிக்கிய லாரிச் சக்கரத்துக்கு அடியில் சாக்கும் தென்னை மட்டையும் போடுகிறோமே, அதே புத்திதான். நான் இதை லாடம் என்றுதான் நினைத்துக்கொள்வேன். ரப்பருக்குப் பனிக்கட்டி மேல் பிடி இல்லை, அதுவும் உருகுகிற பதத்தில் இருக்கும் பனிக்கட்டி கடுங்குளிரில் இறுகியதைவிட மோசமாக வழுக்கும். சங்கிலி போட்டால் அந்தச் சக்கரத்தின் பாரம் சில இரும்புக் கண்ணிகள் மேல் இறங்கி, பனிக்குள் பல் பதிக்கும்.

பிக்கப்புக்கு இது ஏன் இன்னும் முக்கியம்? மாட்டுவண்டி ஓட்டினவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் புரியும். காலியான பிக்கப் எப்போதும் முன்பாரம். என்ஜின் முன்னால், ஆட்கள் முன்னால், பின்னால் வெறும் தகரத் தொட்டி. ஆனால் பல பிக்கப்புகளில் தள்ளுகிற சக்கரம் பின்சக்கரம். பாரமே இல்லாத சக்கரம் எதைப் பிடித்துத் தள்ளும்? வளைவில் வால் தனியாகப் போகும். மணல் மூட்டை சில போடுங்கள். பின்அச்சுக்கு மேலே வைத்துக் கட்டுங்கள். கடைசிக் கதவோரம் தள்ளி வைத்தால், முன்சக்கரத்தின் பாரம் குறைந்து ஸ்டியரிங் கெட்டுவிடும்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, எனக்குச் சங்கிலி எதற்கு என்பவர்கள் உண்டு. கிளம்புவதற்கு அது நல்ல வண்டி. ஆனால் பிரேக் பிடிக்கும்போது எல்லா வண்டிக்கும் நாலு சக்கரம்தான். சட்டமும் முழுசாக விட்டுவிடவில்லை. கலிஃபோர்னியாவின் சாலைத் துறையான கால்ட்ரான்ஸ், சங்கிலி விதிக்கு ஆர்-1, ஆர்-2, ஆர்-3 என்று ஒன்றைவிட ஒன்று கடுமையான மூன்று படி வைத்திருக்கிறது. ஆர்-2-இல், நாலு சக்கர இழுவையும் நாலிலும் பனி டயரும் இருந்தால் மாட்டாமல் போகலாம், ஆனால் சங்கிலி வண்டிக்குள் இருந்தாக வேண்டும். டிரெய்லர் இழுத்தால் இந்தச் சலுகை இல்லை. ஆர்-3 என்றால் விதிவிலக்கே கிடையாது. பெரும்பாலும் அந்தப் படி வருவதற்குள் சாலையையே மூடிவிடுவார்கள்.

எந்தச் சக்கரத்தில் மாட்டுவது? வண்டிக் கையேட்டைப் பாருங்கள். டொயோட்டா டகோமாவுக்குப் பின்சக்கரம் என்று போட்டிருக்கிறது. முன்சக்கர இழுவைக் காருக்கு முன்னால். சக்கரத்துக்கு உள்பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். இடம் போதாவிட்டால் சங்கிலி பிரேக் குழாயை அறுத்துவிடும். அதையும் கையேட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவது மாலை போடுகிற மாதிரிதான். முறுக்கு இல்லாமல் தரையில் விரியுங்கள். கொக்கிகளின் திறந்த வாய் டயரைப் பார்க்கக் கூடாது, வெளியே பார்க்க வேண்டும். டயர் மேல் போட்டு, உள்பக்கக் கொக்கி முதலில், வெளிப்பக்கம் பிறகு. இழுத்து இறுக்குங்கள். அரை மைல் ஓட்டி, நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள். இந்த இரண்டாவது இறுக்கல்தான் பலர் விடுவது. தளர்ந்த கண்ணி சக்கரத்துக்கு மேலுள்ள தகரத்தை அடித்துக் கிழிக்கும். வேகம் மணிக்கு 30 மைலைத் தாண்டக் கூடாது.

முடியவில்லையா? சாலையோரம் அனுமதி பெற்ற ஆட்கள் காசு வாங்கிக்கொண்டு மாட்டித் தருவார்கள். அவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை. அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சங்கிலி விற்கவோ வாடகைக்கு விடவோ அவர்களுக்கு அனுமதி கிடையாது. எனவே அளவு தவறான சங்கிலியோடு போனால் அவர்களும் என் பெரியவர் மாதிரி தலையைத்தான் ஆட்டுவார்கள். அதற்குத்தான் சொல்கிறேன், வாசலில் ஒருமுறை...

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள். கழற்றுவதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். வேகமாகச் சொல்கிறேன். தார் தெரிய ஆரம்பித்ததும், பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, கழற்றிவிடுங்கள். வெறும் சாலையில் ஓட்டினால் சங்கிலியும் தேயும், டயரும் தேயும். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் விட்டு அலசுங்கள், சாலையில் போட்ட உப்பு ஒட்டியிருக்கும். நன்றாகக் காய வைத்து மடியுங்கள். பெட்டி கிழிந்து போயிருந்தால் அரிசிப் பையில் போட்டு வையுங்கள். என் சங்கிலி இப்போது இருபது பவுண்டு பொன்னிப் பையில்தான் இருக்கிறது. நன்றி, வணக்கம்.