மாந்தோப்பு ஸ்பிரேயர் பம்ப் உங்க டர்போ காருக்கு! வீட்டுலயே வாட்டர்-ஆல்கஹால் இன்ஜெக்‌ஷன்

ஏப்ரல் வெயில்ல தொப்பூர் கணவாய் ஏறி தர்மபுரி வர்றப்ப உங்க டர்போ பெட்ரோல் கார் மூச்சு வாங்குதா? டர்போ அமுக்குற காத்து 100 டிகிரியைத் தாண்டும், நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாவே வெடிச்சுத் தட்டுறது) வரும், உடனே ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், ஸ்பார்க் டைமிங்கைக் குறைச்சு பவரை இறக்கிடும். தியரி அவ்ளோதான். பூஸ்ட் (டர்போ தர்ற காத்தழுத்தம்) ஏறுறப்ப மட்டும் இன்டேக்ல, அதாவது இன்ஜினுக்குக் காத்து போற குழாய்ல, தண்ணியையோ தண்ணி-ஆல்கஹால் கலவையையோ புகையாத் தெளிச்சு காத்தைக் குளிர வைக்கிறதுதான் வைத்தியம்.

ஆல்கஹால்னதும் மெத்தனால் தேடிக் கிளம்பாதீங்க. விஷம். தமிழ்நாட்டுல 1959 விதிப்படி லைசென்ஸ் வேணும். தீப்பிடிச்சா பகல்ல ஜுவாலை கண்ணுக்கே தெரியாது. இப்ப இதைக் கேளுங்க: ஒரு கிலோ மெத்தனால் ஆவியாக இழுக்குற வெப்பம் சுமார் 1,100 கிலோஜூல். தண்ணி? 2,257! குளிர் நாட்டுல தண்ணி உறையாம இருக்கவும் ஆல்கஹால் கலக்குறாங்க. கிருஷ்ணகிரில என்னத்த உறையப் போகுது? ஆல்கஹால் ஆக்டேனைக் (நாக்கிங்கைத் தாங்குற திறனை) கூட்டும், உண்மைதான். வேணும்னா 30 சதவீதம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்துக்கோங்க. ஆனா முதல் செட்டப்புக்கு வெறும் பேட்டரி தண்ணிதான் என் கட்சி. போர் தண்ணி வேண்டவே வேண்டாம், உப்பு படிஞ்சு நாசில் அடைக்கும். நம்ம ஊரு ஃப்ளோரைடுக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு? நம்ம பல்லுக்கு ஆகாதது பிஸ்டனுக்கு எதுக்கு!

பம்ப், மாமரத்துக்கு மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர்ல இருக்குற அதே 12 வோல்ட், 100 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) டயாஃப்ரம் பம்ப். மருந்து ஓடின பழசு ஆகாது, புதுசா வாங்குங்க. 120 குதிரைத்திறன் இன்ஜின் முழு லோடுல நிமிஷத்துக்கு சுமார் 600 மில்லி பெட்ரோல் குடிக்கும். அதுல 15 சதவீதம், அதாவது 90 மில்லி தண்ணி தெளிச்சா போதும். ஆனா 15 பிஎஸ்ஐ பூஸ்ட் எதிர்த்துத் தள்ளுறதால 8 சதவீதம் குறையும். அதனால வெளியில அளவு ஜார்ல பிடிக்கிறப்ப 98 மில்லி காட்டணும்.

நாசில் இன்டர்கூலருக்கு அப்புறம், த்ராட்டில் பாடிக்கு ஒரு ஜாண் முன்னாடி. டர்போவுக்கு முன்னாடி வச்சா துளி பட்டுப் பட்டு கம்ப்ரஸர் இறக்கையை அரிச்சிடும். பூஸ்ட் ஸ்விட்ச் 8 பிஎஸ்ஐல ஆன் ஆகட்டும். அது ரிலேயை மட்டும் இயக்கணும், பம்ப் கரண்ட் அது வழியா போகக்கூடாது. 10 ஆம்ப் ஃப்யூஸ் மறக்காதீங்க.

நாசிலை ஒட்டி ஸ்பிரிங் வச்ச செக் வால்வு (பம்ப் அழுத்தம் வந்தா மட்டும் திறக்குறது) கட்டாயம். இல்லேன்னா டேங்க் உயரத்துல இருக்குற கார்ல ராத்திரி பூரா ஒழுகி இன்டேக்ல தேங்கும். காலைல சாவி திருப்பினா அந்தத் தண்ணி சிலிண்டருக்குள்ள போகும், தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராட் வளைஞ்சிடும்.

வாரன்டி போயிடும், அது தெரிஞ்சதுதான். டைமிங் ஏத்தி ட்யூன் பண்றவங்களுக்கு ஆபத்து வேற இடத்துல: தண்ணி தீர்ந்த நொடியே நாக்கிங், பிஸ்டன் ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு நடுவுல இருக்குற விளிம்பு) காலி. டேங்க்ல மிதவை ஸ்விட்ச் வச்சு, தண்ணி குறைஞ்சதும் பூஸ்ட் சோலனாய்டு (பூஸ்ட்டைக் கட்டுப்படுத்துற மின் வால்வு) கரண்டை வெட்டி பூஸ்ட்டை இறக்கணும். அந்த வயரிங் படம் வேணும்னா கார் மாடல், பூஸ்ட் அளவு ரெண்டையும் கமெண்ட்டுல போடுங்க மக்களே.