ஆறு வழக்கு, ஆறும் பொய்! ஏஐயிடம் ரெஃபரன்ஸ் கேட்கும் மாணவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் போங்கள்

வணக்கம் நண்பர்களே! நியூயார்க்கில் ஒரு வக்கீல், முப்பது வருஷத்துக்கு மேல் அனுபவம். விமானத்தில் சாப்பாட்டுத் தள்ளுவண்டி முழங்காலில் இடித்துவிட்டது என்று ஒரு பயணி விமான நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டிருக்கிறார், அந்தப் பயணிக்காக வாதாட, இதே மாதிரி வழக்குகளின் பழைய தீர்ப்புகள் வேண்டும். வக்கீல் சாட்ஜிபிடியிடம் கேட்டார். வழக்கின் பெயர், எண், கோர்ட், வருஷம் என்று எல்லாம் கிடைத்தது. அப்படியே மனுவில் சேர்த்தார்கள். எதிர்த்தரப்பு தேடித் தேடிப் பார்த்தால், அதில் ஆறு வழக்குகள் உலகத்தில் எங்கேயுமே நடக்கவில்லை!

இதில் என்னைத் தூக்கிவாரிப் போட்ட இடம் எது தெரியுமா? அவருக்கே நடுவில் சந்தேகம் வந்திருக்கிறது. யாரிடம் கேட்டார்? அதே சாட்ஜிபிடியிடம். "இது உண்மையான வழக்குதானா?" என்று கேட்க, "ஆமாம்" என்றதோடு, பெரிய சட்டத் தரவுத்தளங்களில் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டது. 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம். ஆனால் அந்த நீதிபதி ஏஐ பயன்படுத்தியதே தப்பு என்று சொல்லவில்லை. உதவிக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை, தாக்கல் செய்வது சரியா என்று பார்ப்பது வக்கீலின் பொறுப்பு என்றார். வக்கீல் இருக்கும் இடத்தில் மாணவரை வைத்துப் பாருங்கள், அசைன்மென்டுக்கும் அதுவேதான்.

சரி, ஏன் இப்படிச் செய்கிறது? ஊர் தெரியாத இடத்தில் பஸ் ஸ்டாண்டில் ஒருவரிடம் வழி கேட்கிறோம். தெரியாது என்று சொல்ல அவருக்கு மனசு வராது, "நேரா போய் லெஃப்ட்" என்று கை காட்டிவிடுவார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஏஐயும் ஒரு வார்த்தைக்குப் பின்னால் என்ன வார்த்தை வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கோர்க்கிறது. ரெஃபரன்ஸ் என்றால் பெயர், வருஷம், தலைப்பு, ஜர்னல், பக்க எண் என்று ஒரு அச்சு இருக்கிறதல்லவா, அந்த அச்சில் அழகாக வார்த்துக் கொடுத்துவிடும். இப்போது இணையத்தில் தேடித் தரும் வசதி வந்து இது குறைந்திருக்கிறது. ஆனாலும் அது கொடுத்த லிங்கைத் திறந்தால், அது சொன்ன விஷயம் அந்தக் கட்டுரையில் இல்லாமலும் போகலாம்.

[திரையில்: டிஓஐ தளத்தின் தேடல் பெட்டி]

இப்போது என்னோடு சேர்ந்து செய்யுங்கள். ரெஃபரன்ஸின் கடைசியில் 10 என்று தொடங்கி, புள்ளி வைத்து ஒரு நீள எண் இருக்கும், அதுதான் டிஓஐ, அந்தக் கட்டுரைக்கென்றே கொடுத்திருக்கும் அடையாள எண். அதைக் காப்பி செய்து இந்தப் பெட்டியில் போடுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். கட்டுரை திறக்கும், அல்லது அப்படி ஒன்று இல்லை என்று வரும், அல்லது நிலத்தடி நீரைப் பற்றித் தேடிய உங்களுக்கு பல் மருத்துவக் கட்டுரை வந்து நிற்கும்! திறந்ததும் விட்டுவிடாதீர்கள். தலைப்பு பொருந்துகிறதா, எழுதியவர் பெயர் அதுதானா என்று பாருங்கள், நீங்கள் மேற்கோள் காட்டப்போகும் வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். டிஓஐ இல்லாத பழைய கட்டுரை என்றால், ஜர்னலின் தளத்துக்குப் போய் அந்த இதழைத் திறந்து அந்தப் பக்கத்தில் யார் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ரெஃபரன்ஸுக்கு ஐந்து நிமிஷம், அவ்வளவுதான்.

ஏஐ பயன்படுத்தலாமா என்ற விதிகளைப் பொறுத்தவரை, ஒவ்வொரு துறைக்கும் ஒரு மாதிரி இருக்கிறது, தொடங்கும் முன்பே கைடிடம் கேட்டுவிடுங்கள். அப்புறம், சர்வேயில் பேசியவர்களின் பெயரும் போன் நம்பரும் உள்ள எக்செல் ஷீட்டை இந்த ஏஐ ஆப்களில் போடவே போடாதீர்கள்.

இன்னொரு விஷயம், இது நம் பிள்ளைகளுக்காக. ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் ஏழு கருவிகளை 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தால், சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுதியது என்று தப்பாகச் சொன்னது! எளிமையான ஆங்கிலம் எழுதினதுதான் குற்றம். எனக்கு இதைப் படித்தபோது கோபமே வந்தது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, சொந்தமாக யோசித்து எழுதும் பிள்ளை பழி சுமக்க வேண்டுமா? அதனால் முதல் டிராஃப்டிலிருந்தே கூகுள் டாக்ஸில் எழுதுங்கள், எந்த நாளில் எந்தப் பத்தியைத் திருத்தினீர்கள் என்று வெர்ஷன் ஹிஸ்டரியில் பதிவாகும். கையால் எழுதின குறிப்புகளையும் தூக்கிப் போடாதீர்கள். ஏஐயை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று ரிப்போர்ட்டில் இரண்டு வரி நீங்களே எழுதிவிடுங்கள்.

அப்படியென்றால் ஏஐயை எதற்குத்தான் வைத்துக்கொள்வது? எனக்குப் பிடித்தது இது. நீங்கள் எழுதி முடித்த அத்தியாயத்தைக் கொடுத்து, "நீ வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர். ஒவ்வொரு கேள்வியாகக் கேள். பதிலை நீ சொல்லாதே. நான் மழுப்பினால் விடாமல் திரும்பக் கேள்" என்று போடுங்கள். இன்று ராத்திரியே செய்து பாருங்கள், எந்தக் கேள்வியில் திணறினீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோவை அந்தக் கேள்விகளில் இருந்தே தொடங்குகிறேன்.