பக்கத்து வீடு எவ்வளவு தூரம்?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். ஒருவரின் ஓட்டைப் பெரிதும் தீர்மானிப்பது வருமானமா, அவர் வாழும் இடத்தின் மக்கள் நெருக்கமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "பணக்காரன் வரியைக் குறைப்பவனுக்குப் போடுவான், ஏழை மானியம் தருபவனுக்குப் போடுவான், அவ்வளவுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கைதட்டலும் வாங்கிவிட்டார்.

சரி, அவரை நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கு அழைத்துப் போகிறேன். கோடீஸ்வரர்கள் குவிந்த தீவு. 2020 அதிபர் தேர்தலில், வரியைக் குறைத்த டிரம்ப்புக்கா அங்கே ஓட்டு விழுந்தது? பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பைடனுக்குப் போட்டார்கள். அதே தேர்தலில் வயோமிங் மாநிலத்தில் பத்தில் ஏழு பேர் டிரம்ப் பக்கம். அங்கே சதுர கிலோமீட்டருக்கு இரண்டு, மூன்று பேர். மன்ஹாட்டனில் 28,000 பேருக்கு மேல்!

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையையே எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் கொல்லைப்புறத்தில் சத்தம். போலீஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றால், அலமாரியில் இருக்கும் துப்பாக்கிதான் அந்த வீட்டுக்குக் காவல். அடுக்குமாடியிலோ, குறி தவறிய குண்டு சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுத் தொட்டிலுக்குப் போகும். அதனால்தான் வேட்பாளர் ஊர்ப்புறத்தில் 'உங்கள் உரிமை' என்கிறார், நகரத்தில் 'உங்கள் பாதுகாப்பு' என்கிறார். கேட்கிறவரின் சம்பளத்தை அவர் விசாரிப்பதில்லை.

பிரான்சில் 2018 நவம்பரில் மஞ்சள் அங்கி அணிந்த போராட்டக்காரர்கள் தெருவுக்கு வந்தது எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து. "அதுவும் பணப் பிரச்சினைதானே" என்று நண்பர் சிரிக்கிறார். பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பேரை நிறுத்துங்கள். பாரிஸ்காரருக்குப் படியிறங்கினால் மெட்ரோ. சிற்றூர்க்காரருக்கு வேலை, மருத்துவர், பிள்ளையின் பள்ளி எல்லாமே காரில்தான். யாருக்கு வயிறு எரியும்? டிசம்பரில் அரசே அந்த உயர்வைக் கைவிட்டது.

ஓட்டுக் கேட்கும் விதமும் மாறிவிடுகிறது. மாடிக் குடியிருப்பில் ஒரு தொண்டர் ஒரே மாலையில் ஐம்பது கதவைத் தட்டலாம். பண்ணைகள் சிதறிக் கிடக்கும் இடத்தில் ஐந்தாவது கதவுக்குள் இருட்டிவிடும். அங்கே வானொலிதான் கதவைத் தட்ட வேண்டும்.

"அவரவர் மனசுக்குப் பிடித்த இடத்துக்குக் குடிபோகிறார்கள், அதனால் அப்படித் தெரிகிறது" என்று அடுத்து வருபவர் சொல்லக்கூடும். சொல்லட்டும். பெரிய தோட்டம் வேண்டும் என்று ஊருக்கு வெளியே போனவரிடம், நகரப் பேருந்துக்கு வரி கட்டச் சொல்லி அவர் ஒருமுறை ஓட்டுக் கேட்டுவிட்டு வரட்டும், அப்புறம் பேசலாம். மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, அமர்கிறேன்.